திருப்பூரில் வாங்கி பினாங்கில் விற்கும் சரக்குக்கு டாலரில் பில் எதற்கு?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பாவின் துணிக்கடையை ஏற்று நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "திருப்பூர், ஈரோட்டிலிருந்து சரக்கு எடுக்கிறோம். வாங்குகிற இடத்தில் ரூபாய், விற்கிற இடத்தில் வெள்ளி (ரிங்கிட்). பில் மட்டும் டாலரில் வருகிறது. 2024ல் அதே சரக்குக்கு மாசியில் ஒரு விலை கொடுத்தேன், புரட்டாசியில் வேறு விலை. அமெரிக்காவுக்கும் என் கடைக்கும் என்ன சம்பந்தம்? ரூபாயிலேயே கொடுத்துவிட முடியாதா? புது சப்ளையர் எல்.சி. (வாங்குபவர் சார்பில் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) போடச் சொல்கிறார், வங்கிச் செலவு கட்டுபடியாகவில்லை. ரிங்கிட் நன்றாக இருக்கும்போதே கடன் வாங்கி மொத்தமாகச் சரக்கு எடுத்து வைக்கலாமா?"

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கியின் ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் வியாபாரிகள் ஒரு சேலைக்கு 10 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் போனில் பேசுவார்கள். பில் எந்த நாணயத்தில், பணம் எத்தனை நாளில், நடுவில் விலை மாறினால் யார் தலையில் என்ற மூன்றையும் சப்ளையர் சொல்கிறபடி விட்டுவிடுவார்கள். அந்த 10 ரூபாயைவிட இந்த மூன்றில்தான் அதிகப் பணம் போகிறது, வருகிறது. நீங்கள் பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

முதலில் 2024ல் என்ன நடந்தது என்று பார்ப்போம். 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஒரு டாலர் 83 ரூபாய். அதே டாலர் இங்கே 4.80 ரிங்கிட் வரை போனது. 1998க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு இறங்கியதில்லை. கணக்குப் போட்டால் சரக்கின் அடக்கம் சுமார் 57,800 ரிங்கிட். செப்டம்பர் கடைசியில் டாலர் 4.12க்கு வந்துவிட்டது. ரூபாய் அசையவே இல்லை என்று சொல்லலாம், 84க்குள்தான். அதே சரக்கு சுமார் 49,200 ரிங்கிட். ஏழு மாதத்தில் 8,500 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். திருப்பூரில் நூல் விலையோ கூலியோ இதற்குக் காரணமில்லை.

காரணம் வட்டி. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஏற்ற ஆரம்பித்து, 2023 ஜூலையில் 5.25 - 5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2023 மே மாதம் 3 சதவீதத்தோடு நின்றுவிட்டது. பெரும் பணத்தை வைத்திருப்பவர்கள் அதை அமெரிக்காவில் போட்டால் கூடுதலாக வருகிறது என்றால் அங்கேதான் போடுவார்கள். அதனால் டாலருக்குக் கிராக்கி, ரிங்கிட்டுக்கு இறக்கம். 2024 நடுவில் அமெரிக்கா வட்டியைக் குறைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு வந்ததும் காற்று திசை மாறியது. செப்டம்பர் 18ல் அரை சதவீதம் குறைத்தார்கள். அதோடு, அரசு சார்ந்த நிறுவனங்கள் வெளிநாட்டு வருமானத்தைக் கொண்டுவந்து ரிங்கிட்டாக மாற்றும்படி நம் அரசாங்கமும் பேங்க் நெகாராவும் வற்புறுத்தின. இந்தியாவின் ரிசர்வ் வங்கியோ டாலரை வாங்கியும் விற்றும் ரூபாயைப் பெரிதாக ஆடவிடாமல் வைத்திருந்தது. வாஷிங்டனில் எடுத்த முடிவு உங்கள் கடைக்கு வந்த வழி இதுதான்.

இதே மாற்றம் எல்லோருக்கும் நல்லதாக இருக்கவில்லை. பாயான் லெப்பாஸில் 1972லிருந்து சிப் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவர்கள் விற்பது டாலரில், சம்பளம் கொடுப்பது ரிங்கிட்டில். டாலர் 4.80லிருந்து 4.12க்கு வந்தபோது அங்கே கைக்கு வரும் ரிங்கிட் குறைந்தது. ஒரே தீவில் உங்களுக்கு லாபம், அவர்களுக்கு நெருக்கடி. ரிங்கிட் ஏறினால் நாட்டுக்கே நல்லது, இறங்கினால் நாட்டுக்கே கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

சரி, நடுவில் டாலர் ஏன்?

ரிங்கிட்டையும் ரூபாயையும் நேருக்கு நேர் மாற்றும் சந்தை மிகச் சிறியது. உலக நாணயச் சந்தையில் 2022 கணக்குப்படி ஒரு நாளைக்கு 7.5 டிரில்லியன் டாலர் கைமாறியது. அதில் 88 சதவீத வியாபாரத்தில் ஒரு பக்கம் டாலர். வங்கி உங்களுக்கு ரிங்கிட் - ரூபாய் விலை சொல்லும்போதும், ரிங்கிட்டிலிருந்து டாலர், டாலரிலிருந்து ரூபாய் என்று இரண்டு கணக்கைச் சேர்த்துத்தான் சொல்கிறது. சப்ளையருக்கும் காரணம் இருக்கிறது. உலகப் பருத்தி விலை நியூயார்க் சந்தையில் அமெரிக்க சென்ட்டில் நிர்ணயமாகிறது. அவருடைய மற்ற வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி அவர் இந்திய வங்கியில் டாலரிலேயே கடன் எடுத்திருக்கவும் கூடும். அந்தக் கடனை அடைக்க அவருக்கு டாலர் வேண்டும்.

ரிங்கிட்டில் பில் போடச் சொன்னால் அவர் தயங்குவதற்கு 1998 ஒரு பெரிய காரணம். 1997 ஜூலை 2ல் தாய்லாந்து தன் பாட் நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் கைவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 2.50 என்று இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை விழுந்தது. நான் வங்கியில் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கடன் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்த வியாபாரிகளின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. ஜூன் மாதக் கணக்குப்படி 20,000 டாலர் பாக்கி என்றால் 50,000 ரிங்கிட். தவணையை நீட்டி ஜனவரியில் அடைக்க வந்தவர் 97,600 கொண்டுவர வேண்டியிருந்தது. சரக்கு ஏற்கெனவே பழைய விலைக்கு விற்றுப் போயிருந்தது. அவர்கள் யாரும் சூதாடவில்லை, பேராசைப்படவில்லை. வழக்கம்போல் வியாபாரம் செய்தார்கள். விற்பது ரிங்கிட்டில், கடன் டாலரில் என்ற ஒன்றுதான் அவர்களைச் சாய்த்தது.

1998 செப்டம்பர் 1ல் மலேசியா, பணம் நாட்டைவிட்டு வெளியே போவதைத் தடுக்க மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மறுநாள் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிப் போட்டது. வெளிநாட்டில் கிடந்த ரிங்கிட்டெல்லாம் ஒரு மாதத்துக்குள் நாடு திரும்ப வேண்டும் என்றார்கள். 3.80 என்ற கட்டு 2005 ஜூலை 21ல் அவிழ்ந்தது. ஆனால் மலேசியாவுக்கு வெளியே ரிங்கிட்டை இஷ்டப்படி வாங்கி விற்கக் கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. அப்படியிருக்க, திருப்பூர்க்காரர் ரிங்கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இப்போது ரூபாய். பினாங்குக்கு இது புதிதே அல்ல. 1837லிருந்து 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சட்டபூர்வ நாணயமே இந்திய ரூபாய்தான், கடைவீதியில் ஸ்பானிய டாலர் புழங்கினாலும். பிறகு வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் காலம். பினாங்கு ஸ்ட்ரீட்டில் அவர்களுடைய கிட்டங்கியில் (தொழில் நடத்தும் இடம்) பணத்தைக் கட்டி உண்டியல் என்ற பணச்சீட்டு வாங்கினால், செட்டிநாட்டில் அதே விலாசத்துக்காரர்களிடம் (அதே நிறுவனப் பெயர் கொண்டவர்களிடம்) பணம் கிடைக்கும். இரண்டு முனையிலும் ஒரே குடும்பம், ஒரே கணக்குப் புத்தகம். அந்த மரபிலிருந்து வந்ததுதான் 1937ல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி: காரைக்குடி, சென்னை, ரங்கூன், உடனே பினாங்கு. அன்றைக்குப் புலம்பெயர்ந்த தமிழரின் வியாபாரம் எங்கே ஓடியது என்பதற்கு இந்த நாலு ஊர்களே சாட்சி. 1973ல் அதன் மலேசியக் கிளைகளும் வேறு இரண்டு இந்திய வங்கிகளின் கிளைகளும் யுனைடெட் ஏசியன் வங்கி என்ற உள்ளூர் வங்கிக்குள் போயின. பிறகு பல இணைப்புகளில் அந்தப் பெயர் மறைந்தது.

2012ல் இந்திய அரசுடைமை வங்கிகள் மூன்று சேர்ந்து கோலாலம்பூரில் இந்தியா இண்டர்நேஷனல் பேங்க் மலேசியா என்ற வங்கியைத் திறந்தன. இந்தியன் ஓவர்சீஸும் அதில் ஒன்று. ரூபாயில் வெளிநாட்டு வணிகத்தைத் தீர்க்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் அனுமதித்தது. 2023 ஏப்ரல் 1ல் இந்திய வெளியுறவு அமைச்சகம், மலேசியாவுடனான வணிகத்தை ரூபாயிலும் முடிக்கலாம் என்று அறிவித்தது. நான் சொன்ன கோலாலம்பூர் வங்கி, யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவில் இதற்கென்றே ஒரு ரூபாய்க் கணக்கை அப்போது திறந்திருந்தது. இப்படிக் கணக்கு உள்ள வங்கியில் நீங்கள் இங்கே ரிங்கிட் கட்டினால், அங்கே அந்தக் கணக்கிலிருந்து சப்ளையருக்கு ரூபாய் போகும். ஆக, முடியும் தம்பி.

ஆனால் ரூபாய் பில் வாங்கிவிட்டால் மாற்று விலைத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2024ல் உங்களுக்கு நடந்த ஏற்ற இறக்கம் ரூபாய் பில்லிலும் அப்படியே நடந்திருக்கும், ஏனென்றால் அன்றைக்கு ஆடியது ரிங்கிட். ரூபாய் பில்லின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. 2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் டாலர் 74 ரூபாய்ச் சொச்சம், முடிவில் 82 ரூபாய்க்கு மேல். ரிங்கிட் 4.17லிருந்து 4.40. ஜனவரியில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கை டாலரில் விலை பேசியிருந்தால் சுமார் 13,450 டாலர், 56,000 ரிங்கிட். டிசம்பரில் அதே டாலர் விலைக்கு வாங்கினால் 59,000 ரிங்கிட்டுக்கு மேல். ரூபாயில் பேசியிருந்தால் டிசம்பரில் சுமார் 53,200 ரிங்கிட்தான். அந்த 6,000 ரிங்கிட் எங்கே போனது? சப்ளையர் கைக்கு. அவருக்குச் செலவு ரூபாயில், வரவு டாலரில். ரூபாய் விழ விழ அவருக்கு உபரி. நீங்கள் கேட்காததால் அவரும் கொடுக்கவில்லை. நீண்ட காலப் போக்கைப் பார்த்தால் டாலருக்கு எதிராக ரூபாய் மெல்லத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் ரூபாய் பில் உங்களுக்குச் சாதகம் என்கிறேன்.

சப்ளையர் மறுத்தால் இரண்டாவது வழி: டாலரிலேயே இருக்கட்டும், ஆனால் விலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரூபாயின் நிலையைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எப்படியானாலும் ஒவ்வொரு ஆர்டருக்கும் டாலர் விலை, ரூபாய் விலை இரண்டையும் கேளுங்கள். இரண்டையும் அன்றைய விகிதத்தில் ரிங்கிட்டாக்கிப் பார்த்தால், நாணய ஆட்டத்துக்குப் பயந்து அவர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

நாணய ஆட்டத்திலிருந்து தப்பிக்க வங்கியில் ஃபார்வர்ட் ஒப்பந்தம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் தர வேண்டிய டாலருக்கு இன்றே விலையை உறுதி செய்துகொள்வது. "அதற்குத் தண்டச் செலவாகுமே" என்று பலர் விலகிப்போகிறார்கள். ஃபார்வர்ட் விலை ஜோசியம் அல்ல. இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அமெரிக்க வட்டி நம்முடையதைவிட அதிகமாக இருக்கும்போது டாலரின் ஃபார்வர்ட் விலை இன்றைய விலையைவிடக் குறைவாகவே இருக்கும். 2023 கடைசியில் சந்தையில் 4.70 என்றால் ஆறு மாத ஃபார்வர்ட் 4.65 அருகில் இருந்தது. அதாவது பாதுகாப்பும் கிடைத்தது, விலையும் குறைந்தது. உங்கள் வங்கி ஒரு வரம்பு போட்டுத்தான் இதைத் தரும். பில் அல்லது ஆர்டரைக் காட்ட வேண்டும்.

எல்.சி. பற்றி. வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும், சரக்கை அல்ல, யூ.சி.பி. 600 என்ற சர்வதேச விதியே அப்படித்தான் சொல்கிறது. பெட்டிக்குள் கிழிந்த சேலை இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுத்தே தீர வேண்டும். எல்.சி. உங்கள் சப்ளையரைக் காப்பாற்றும் அளவுக்கு உங்களைக் காப்பாற்றாது. சரக்கின் தரம் முக்கியமென்றால், ஏற்றும் முன் சோதனை செய்த சான்றிதழையும் தர வேண்டிய காகிதங்களில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நம் பாதையில் எல்.சி.க்கு இன்னொரு சங்கடம் உண்டு. கடல் தூரம் குறைவு. சென்னையில் ஏற்றிய பெட்டி ஒரு வாரம் பத்து நாளில் இங்கே வந்துவிடும். காகிதங்களோ சப்ளையரின் வங்கி, நம் வங்கி என்று ஒவ்வொரு இடத்திலும் சரிபார்க்கப்பட்டு வர வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் ஐந்து வேலை நாள் வரை விதி இடம் கொடுக்கிறது. பெட்டி பட்டர்வொர்த்தில் கிடக்கும், பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெறக் காட்ட வேண்டிய கப்பல் சீட்டு) வந்து சேர்ந்திருக்காது, துறைமுக வாடகை ஓடும். அப்போது வங்கியிடம் ஷிப்பிங் கேரண்டி என்ற உத்தரவாதம் வாங்கிச் சரக்கை எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். உங்கள் அளவுக்கு நான் சொல்வது: முதல் இரண்டு மூன்று ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம், கப்பலில் ஏற்றிய பில் ஆஃப் லேடிங்கின் நகல் வந்ததும் மீதி, உடனே டெலக்ஸ் ரிலீஸ், அதாவது அசல் சீட்டு இல்லாமலே சரக்கை விடும்படி கப்பல் நிறுவனம் அனுப்பும் தகவல். பழகிய பிறகு 60 நாள் தவணை கேளுங்கள். உங்கள் சப்ளையர் பயந்தால், இந்தியாவின் ஈ.சி.ஜி.சி. நிறுவனத்தில் உங்கள் பெயருக்கு ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தராமல் போனால் ஈடு செய்வதுதான் 1957லிருந்து அதன் வேலை. அவருடைய பிரீமியம் பெரும்பாலும் எல்.சி. செலவைவிடக் குறைவாக வரும். பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் நஷ்டமில்லை.

டாலர் அனுப்பும்போது இன்னொன்றும் நடக்கிறது. உங்கள் பணம் பினாங்கிலிருந்து நேராகத் திருப்பூர் போவதில்லை. இரண்டு வங்கிகளும் நியூயார்க்கில் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் வழியாகப் போகிறது. வழியில் கட்டணம் பிடிப்பார்கள். 20,000 அனுப்பினால் சில பத்து டாலர் குறைவாகச் சேரும், சப்ளையர் பாக்கி என்று எழுதி வைப்பார். அந்தக் கட்டணம் யாருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நியூயார்க் வழியாகப் போவதால் அமெரிக்கத் தடை விதிகளும் கூடவே வருகின்றன. துணிக்கு இதில் தொல்லை இல்லை. உங்கள் தெருவில் மியன்மார் உளுந்து எடுக்கும் மளிகைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். 2022 அக்டோபரில், கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். மியன்மாரைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. 2023 ஜூனில் அந்நாட்டின் இரண்டு அரசு வங்கிகள் மீது அமெரிக்கா தடை போட்டது. இட்லிக்கு உளுந்து வாங்குகிற நேர்மையான மனிதர் வங்கியில் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்; சின்ன வியாபாரிகளுக்கு வக்கீல் வைக்கவும் வசதியில்லை.

பணம் அனுப்பும் முன் ஒரு எச்சரிக்கை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் அனுப்பவும்" என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலைக் கேட்ட பிறகே அனுப்புங்கள். வேறு கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பணத்தை மீட்பது மிகவும் கடினம்.

கடைசிக் கேள்வி, கடன் வாங்கி மொத்தமாக எடுத்து வைப்பது. வேண்டாம். 1,00,000 ரிங்கிட்டுக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் ஆறு மாதத்துக்கு 3,500. ரிங்கிட் அதற்குமேல் இறங்கினால்தான் உங்களுக்கு மிச்சம். அதற்குள் டிசைன் பழசாகிவிடும், மழைக்காலத்தில் கிடங்கு ஈரம் வேறு. தீபாவளிச் சரக்கு ஒன்றுக்குத்தான் முன்கூட்டிக் கடன் நியாயம். ஆர்டர் உறுதியான அன்றே டாலர் பகுதிக்கு ஃபார்வர்ட் போட்டுவிடுங்கள். சரக்கு வந்ததும் வங்கியில் டிரஸ்ட் ரிசீட் கேளுங்கள். வங்கி சப்ளையருக்குப் பணம் கட்டிவிடும், நீங்கள் 90 அல்லது 120 நாளில் அடைக்கலாம். அந்த நாள் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து விழுகிறமாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். டாலரில் எடுத்தால் வட்டி குறைவு என்று அதிகாரி சொல்கிற காலமும் வரும். அப்போதும் ரிங்கிட்டிலேயே எடுங்கள், உங்கள் கல்லாவில் விழுவது ரிங்கிட்தான்.